நாகர்கோவிலிலிருந்து வடகிழக்குக்கு ரயிலில் எட்டுப் பேர்: எந்த வண்டி, எங்கே உடைப்பது?

தோவாளைப்பிச்சி:
எட்டுப் பேர் கிளம்புகிறோம். ஐந்து ஆண், மூன்று பெண், எல்லாருக்கும் முப்பதுக்குள். பொங்கல் முடிந்து ஜனவரி 20 வாக்கில், கையில் இரண்டு வாரம். நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ரயிலிலேயே போகணும் என்பதுதான் ஆசை. இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறோம். ஒரு கட்சி விவேக் எக்ஸ்பிரஸில் அஸ்ஸாமின் திப்ருகர் வரை ஒரே மூச்சு என்கிறது. மறு கட்சி ஹிம்சாகர் எக்ஸ்பிரஸில் ஜம்மு தாண்டி கட்ரா என்கிறது. எது சரி? எட்டுப் பேருக்கும் ஒரே இடத்தில் பெர்த் எப்படி வாங்குவது? ஸ்லீப்பரா, ஏசியா? சாப்பாட்டுக்கு என்ன வழி?

ஆரல்வாய்க்காற்று:
முதலில் இரண்டு வண்டியின் கணக்கு.

விவேக் (22503): கன்னியாகுமரியில் மாலையில் கிளம்பும். 4,100 கி.மீ.க்கு மேல், சுமார் 75 மணி நேரம். திருவனந்தபுரம், எர்ணாகுளம், பாலக்காடு, கோவை, சேலம், காட்பாடி, விஜயவாடா, விசாகப்பட்டினம், புவனேஸ்வர், கரக்பூர், மால்டா, நியூ ஜல்பாய்குரி, குவாஹாட்டி, திமாப்பூர், கடைசியில் திப்ருகர். மூன்று இரவு வண்டியில். நேரத்துக்கு ஓடினால் இரண்டாம் நாள் மாலை வாக்கில் விஜயவாடா, மூன்றாம் நாள் காலை புவனேஸ்வர், நாலாம் நாள் காலை குவாஹாட்டி, அன்று இரவு திப்ருகர்.

ஹிம்சாகர் (16317): வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம். சுமார் 3,800 கி.மீ. இதுவும் கேரளா சுற்றித்தான் போகும். பிறகு விஜயவாடா, நாக்பூர், போபால், ஆக்ரா, டெல்லி, பதான்கோட், ஜம்மு, கட்ரா. இதிலும் மூன்று இரவு.

ஜனவரி என்றால் என் ஓட்டு கிழக்குக்கு. டிசம்பர் கடைசியிலிருந்து ஜனவரி முடிய மதுரா, டெல்லி, அம்பாலா பக்கம் மூடுபனி. டிரைவருக்கு சிக்னல் தெரியாது, வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுவார். முன்னால் போகும் வண்டி நின்றால் பின்னால் வருவது எல்லாம் நிற்கும். அங்கே ஆறேழு மணி நேரத் தாமதம் பெரிய செய்தியே இல்லை. விவேக்குக்கும் மால்டா தாண்டி கிஷன்கஞ்ச் பக்கம் பனி உண்டு, ஆனால் மாட்டுகிற தூரம் குறைவு. அதோடு அஸ்ஸாமுக்கு ஜனவரி நல்ல காலம். காசிரங்கா மழைக்காலம் முழுக்க மூடியிருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை போனால் வெள்ளத்தில் பாதையே துண்டிக்கப்படலாம். அந்தக் கவலை ஜனவரியில் கிடையாது.

சைடு_லோயர்:
எந்த வண்டி என்று பேசுவதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். 75 மணி நேரம் ஒரே பெட்டியில் எட்டுப் பேர். முதல் நாள் பாட்டு, இரண்டாம் நாள் சீட்டு, மூன்றாம் நாள் சண்டை. குளியல் இல்லை. உங்களிடம் இரண்டு வாரம் இருக்கும்போது இது தேவையே இல்லை. பயணத்தை உடைங்க.

ஆரல்வாய்க்காற்று:
உடைப்பது சரிதான். எங்கே உடைப்பது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். புவனேஸ்வரில் இரண்டு நாள், ஜல்பாய்குரியில் இரண்டு நாள் என்று அழகாகத் திட்டம் போட்டுவிட்டு, அதே விவேக்கில் துண்டு துண்டாக டிக்கெட் தேடுவார்கள். கிடைக்காது. காரணம் இதுதான்.

வண்டி கிளம்பும் ஊரிலிருந்து எடுக்கும் டிக்கெட் காத்திருப்புக்குப் போனால் ஜிஎன் என்ற பொதுப் பட்டியலில் போகும். மொத்த பெர்த்தில் பெரும்பங்கு அந்த ஒதுக்கீட்டில்தான் இருக்கிறது, ஆட்கள் ரத்து செய்யச் செய்ய நம்பர் இறங்கும். இடையில் உள்ள ஊரிலிருந்து எடுத்தால் ஆர்எல் அல்லது பிக்யூ. அந்த ஊருக்கு ஒதுக்கிய சில பெர்த்துகளில் யாராவது ரத்து செய்தால்தான் உங்களுக்கு. ஜிஎன் 40 உறுதியாகிவிடும், ஆர்எல் 8 அப்படியே நிற்கும். எட்டுப் பேருக்கு ஆர்எல்லில் காத்திருப்பதும் லாட்டரியும் ஒன்று.

நம்ம மாவட்டத்துக்கு இருக்கிற பெரிய வசதி, நாட்டின் நீள வண்டிகள் பல நம்ம வாசலில் கிளம்புகின்றன. போகும்போது அந்த அனுகூலம் தானாக வரும். உடைக்கும் இடத்திலும் அதே அனுகூலம் வேண்டுமென்றால், அடுத்த வண்டி எங்கே *புறப்படுகிறதோ* அந்த ஊரில் உடைக்கணும். கிழக்கே அது கொல்கத்தா. வடக்கே டெல்லி.

இதை வைத்து ஒரு வழி:

நாகர்கோவில்–ஷாலிமார் குருதேவ் எக்ஸ்பிரஸ் (12659) வாரம் ஒருமுறை. அல்லது கன்னியாகுமரி–ஹவுரா வாராந்திர வண்டி (12666), இது மதுரை, திருச்சி, சென்னை எழும்பூர் வழி. இரண்டும் நம்ம ஊரில் கிளம்புவது. கொல்கத்தாவில் இறங்கி இரண்டு நாள்.

சியால்டாவில் கிளம்பும் டார்ஜிலிங் மெயில், ஒரு இரவு, காலையில் நியூ ஜல்பாய்குரி. டார்ஜிலிங் மலையில் இரண்டு நாள்.

நியூ ஜல்பாய்குரியில் புறப்படும் வந்தே பாரத் (22227), காலையில் கிளம்பி ஆறு மணி நேரத்துக்குள் குவாஹாட்டி. உட்கார்ந்து போகும் வண்டி. வாரத்தில் ஒரு நாள் கிடையாது, அது எந்த நாள் என்று பார்த்து எடுங்கள்.

குவாஹாட்டியிலிருந்து காசிரங்கா, ஷில்லாங். திரும்ப, அங்கேயே கிளம்பும் பெங்களூரு வண்டி (12510), பிறகு பெங்களூரு–நாகர்கோவில் (17235).

ஐந்து துண்டும் கிளம்பும் ஊரிலிருந்தே. ஒவ்வொன்றும் பொதுப் பட்டியல்.

கேப்_கட்ரா:
ஹிம்சாகரை இவ்வளவு லேசாகத் தள்ள வேண்டாம். 2025 ஜூனில் கட்ரா–ஸ்ரீநகர் பாதை திறந்த பிறகு, கன்னியாகுமரியில் ஏறுபவர் ரயிலிலேயே ஸ்ரீநகர் போய் இறங்கலாம். கட்ராவில் மட்டும் வண்டி மாறணும். அங்கிருந்து வந்தே பாரத் சுமார் மூன்று மணி நேரம், செனாப் பாலம் ஆற்றுப் படுகையிலிருந்து 359 மீட்டர் உயரம். முனையிலிருந்து முனைக்கு என்ற ஆசைக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

ஜனவரி மூடுபனி பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். பிப்ரவரி பாதிக்கு மேல் அல்லது மார்ச்சில் போனால் அந்தக் குறை இல்லை. உடைக்க வேண்டுமென்றால் திருக்குறள் எக்ஸ்பிரஸில் (12641) நிஜாமுதீன் வரை. அது மதுரை வழி போவதால் கேரளா சுற்று இல்லை, ஹிம்சாகரைவிட விரைவு. டெல்லியில் தங்கிவிட்டு நியூ டெல்லியில் கிளம்பும் கட்ரா வண்டிகளில் ஒன்றைப் பிடியுங்கள். மேலே சொன்ன அதே விதிதான்.

ஒரு எச்சரிக்கை: ஜம்மு காஷ்மீருக்குள் வெளிமாநில ப்ரீபெய்டு சிம் வேலை செய்யாது. பதான்கோட் தாண்டினதும் செத்துவிடும். குழுவில் குறைந்தது இரண்டு பேரிடம் போஸ்ட்பெய்டு இருக்கணும். டிக்கெட், ஆதார், ஓட்டல் புக்கிங் எல்லாவற்றையும் முன்னமே போனில் இறக்கி வையுங்கள், ஒரு பிரதி காகிதத்திலும்.

தோவாளைப்பிச்சி:
நன்றி அண்ணே. கொல்கத்தாவில் உடைக்கிற யோசனை எல்லாருக்கும் பிடித்திருக்கு. இப்போ புக்கிங். எத்தனை நாள் முன்னால், எட்டுப் பேரை எப்படிப் பிரிப்பது?

சைடு_லோயர்:
முன்பதிவு 60 நாள் முன்னால், காலை 8 மணிக்குத் திறக்கும். பயண நாள் அந்த 60-இல் சேராது. 2024 நவம்பருக்கு முன் 120 நாள் இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஏமாறாதீர்கள். ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்த்து வையுங்கள். சரிபார்க்காத கணக்குக்குத் திறக்கும் நேரத்தில் இடமில்லை. தட்கலுக்கும் 2025 ஜூலையிலிருந்து ஆதார் கட்டாயம்.

ஒரு பிஎன்ஆரில், அதாவது ஒரே டிக்கெட் எண்ணில், அதிகபட்சம் 6 பேர். தட்கலில் 4. எட்டுப் பேருக்கு 6+2 போடாதீங்க, 4+4 போடுங்க. ஒன்று காத்திருப்பில் மாட்டினாலும் மற்ற நாலு பேரின் இடம் நிற்கும். இரண்டு பேர், இரண்டு கணக்கு, இரண்டு போன், ஒரே நொடியில். பயணிகள் பட்டியலை முந்தின இரவே 'மாஸ்டர் லிஸ்ட்'டில் ஏற்றி வைத்தால் எட்டு மணிக்குத் தட்டச்ச வேண்டியதில்லை.

விருப்பப் பெட்டி என்ற கட்டத்தில் இருவரும் ஒரே பெட்டி எண்ணைக் கொடுங்கள், எஸ்5 என்றால் இருவரும் எஸ்5. எல்லாப் பெர்த்தும் ஒரே பெட்டியில் இருந்தால் மட்டும் பதிவு செய் என்ற தேர்வையும் போடலாம். ஆனால் அது கடைசி நேரத்தில் டிக்கெட்டே இல்லாமல் செய்துவிடும். முதல் நாள் 8 மணிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆரல்வாய்க்காற்று:
பெர்த் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஒரு தடுப்புக்கு 8 பெர்த். எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள்: 1, 4 கீழ், 2, 5 நடு, 3, 6 மேல், 7 சைடு கீழ், மீதி இல்லையென்றால் சைடு மேல். உங்களுக்கு 33 முதல் 40 வரை கிடைத்தால் ஒரு தடுப்பு முழுக்க உங்களுடையது, பெட்டியின் நடுவிலும் இருக்கும். புதிய எல்எச்பி ஸ்லீப்பர் பெட்டியில் 80 பெர்த், பழைய நீலப் பெட்டியில் 72. முதல் எட்டும் கடைசி எட்டும் கக்கூஸ் பக்கம். மூன்று இரவுக்கு அது வேண்டாம்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. 60 நாள் கணக்கு உங்கள் ஊரில் ஏறும் தேதிக்கு இல்லை, வண்டி *கிளம்பும் ஊரின்* தேதிக்கு. விவேக்கில் திரும்பி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 20-ஆம் தேதி காலையில் குவாஹாட்டியில் ஏறும் வண்டி 19-ஆம் தேதியே திப்ருகரில் கிளம்பியது. ஆக 19-க்கு 60 நாள் முன்பே திறந்துவிடும். 20-ஐ வைத்துக் கணக்குப் போட்டு உட்கார்ந்தால் ஒரு நாள் பிந்திவிடுவீர்கள். கரக்பூரில் ஏறுபவருக்கு வித்தியாசம் இன்னும் கூடும்.

குழித்துறை_ஆத்தங்கரை:
எட்டுப் பேரும் ஒரே ஊரா? மார்த்தாண்டம், தக்கலை ஆட்கள் இருந்தால் குழித்துறையிலோ இரணியலிலோ ஏறுகிறேன் என்பார்கள். முதலில் வண்டி அங்கே நிற்கிறதா என்று பாருங்கள், நீள வண்டி எல்லாம் இரண்டிலும் நிற்காது. நின்றாலும் இரண்டு மூன்று நிமிடம்தான், மூட்டை முடிச்சோடு நாலு பேர் ஏறுவதற்குள் கூவிவிடும். போர்டிங் மாற்றினால் அந்தப் பிஎன்ஆரில் உள்ள எல்லாருக்கும் மாறும். தனித்தனியாக ஒருத்தருக்கு மட்டும் மாற்ற முடியாது. மாற்றின பிறகு பழைய ஸ்டேஷனில் ஏறவும் உரிமை இல்லை. ஆகவே குழித்துறை ஆட்களை ஒரு பிஎன்ஆரிலும் நாகர்கோவில் ஆட்களை இன்னொன்றிலும் போடுங்கள். மாற்றாமல் ஏறாமல் இருந்தால் டிடிஇ (டிக்கெட் பரிசோதகர்) 'வரவில்லை' என்று குறித்து பெர்த்தை ஆர்ஏசியில், அதாவது முழு பெர்த் கிடைக்காமல் உட்கார்ந்து வரும் ஆளுக்குக் கொடுத்துவிடுவார், அது அவர் கடமை.

நாகர்கோவிலில் சந்திப்பா, டவுனா என்றும் டிக்கெட்டில் பாருங்கள். சந்திப்பு கோட்டாறில், குறியீடு என்சிஜே. டவுன் வேறு இடம், என்ஜேடி. ஆட்டோக்காரரிடம் ரயில்வே ஸ்டேஷன் என்று மட்டும் சொன்னால் சந்திப்புக்குத்தான் கொண்டுபோவார்.

மட்டிப்பழம்:
ஸ்லீப்பரா ஏசியா என்பதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. முழுப் பயணத்துக்கும் ஒரே வகுப்பு எடுக்கணும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நம்ம ஊர்–கொல்கத்தா துண்டுக்கு ஜனவரியில் ஸ்லீப்பர் போதும். விஜயவாடா வரை விசிறி ஓடணும், ஒடிசாவில் விடியற்காலை மட்டும் லேசாகக் குளிரும். சியால்டாவுக்கு வடக்கே இரவில் ஸ்லீப்பர் எடுத்தால் உறக்கம் கிடையாது. இரும்பு ஷட்டரை முழுக்க இறக்கினாலும் விளிம்பில் காற்று வரும். ஸ்லீப்பரில் கம்பளி கொடுக்க மாட்டார்கள், ஏசியில் உண்டு. நம்ம ஊர் வீட்டில் இருக்கிற பருத்திப் போர்வை அங்கே துண்டு மாதிரி. சியால்டாவுக்கு வடக்கே போகும் பகுதிக்கு மூன்றடுக்கு ஏசி அல்லது எகானமி எடுங்கள்.

பெண்கள் மூன்று பேர் இருப்பதால் நடு, மேல் பெர்த்தை முன்னமே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள். இரவில் வெளியாள் வந்து உட்கார்வது கீழ்ப் பெர்த்தில்தான், மேலே யாரும் வருவதில்லை. சைடு கீழ் ஜன்னலோரம் போனைச் சார்ஜில் போட்டுத் தூங்காதீர்கள். வண்டி மெதுவாகும்போது வெளியிலிருந்து கை வரும். பைகளுக்கு ஆளுக்கொரு சங்கிலியும் பூட்டும், இருக்கைக்கு அடியில் வளையம் இருக்கும்.

பகலில் ஒடிசா, வங்காளப் பகுதியில் பக்கத்து ஊருக்குப் போகிறவர்கள் ஸ்லீப்பரில் ஏறி உட்காருவார்கள். ஒரு மணி நேரத்தில் இறங்குகிறவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். எழ மறுத்தால், இரவாகியும் போகாவிட்டால் ரயில்மதத் செயலியில் பிஎன்ஆர், பெட்டி, பெர்த் எண் போட்டுப் புகார். அல்லது 139. எழுத்துப் புகாருக்கு எண் வரும், பதில் சொல்லியாக வேண்டும் என்பதால் ஆள் வருகிறார்கள்.

நடுப் பெர்த்தை இரவு 10 முதல் காலை 6 வரைதான் விரிக்கலாம். எட்டுப் பேரும் ஒரே தடுப்பில் இருந்தால் இந்தச் சட்டத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம், அதுதான் முழுத் தடுப்பு வாங்குவதன் சுகமே. சார்ஜ் போடும் இடம் இரவு 11 முதல் காலை 5 வரை அணைக்கப்படும். பவர் பேங்க் இரண்டு பேருக்கு ஒன்று.

தோவாளைப்பிச்சி:
கெட்டில் கொண்டுபோனால் சாயா, நூடுல்ஸ் போட்டுக்கலாமா? ஒருத்தன் இண்டக்‌ஷன் வரை போய்விட்டான்.

சைடு_லோயர்:
இரண்டும் தடை. அந்தச் சார்ஜ் முனை போனுக்கும் லேப்டாப்புக்கும் மட்டும்தான். கெட்டில் ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும். வயர் சூடேறும், பெட்டியின் மின்சாரம் போகும், மோசமானால் தீ. பிடித்தால் வழக்கு. ஸ்டவ், கேஸ், மண்ணெண்ணெய் பேச்சே வேண்டாம். வெந்நீர் வேண்டுமென்றால் நல்ல ஃபிளாஸ்க், பேன்ட்ரியில் கேட்டு நிரப்புங்கள்.

குழித்துறை_ஆத்தங்கரை:
சாப்பாடு என் பகுதி. கெட்டுப்போகும் வரிசையில் தின்ன வேண்டும், பிடித்த வரிசையில் இல்லை.

முதல் இரவுக்கு இட்லி, மிளகாய்ப்பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இரண்டு பக்கமும் தடவி வாழையிலையில் கட்டியது. ஆளுக்கு 6. தேங்காய்ச் சட்னி கட்டாதீர்கள், நாலு மணி நேரத்தில் நூல் விடும். தேங்காய் சேர்த்த எதுவுமே முதல் சாப்பாட்டோடு முடியணும், நம்ம ஊர் அவியலும் தோரனும் இதில் சேர்த்தி. இரண்டாம் நாள் காலைக்கும் மதியத்துக்கும் புளிச்சோறு. சாதம் உதிரியாக ஆறியிருக்கணும், புளிக்காய்ச்சலில் எண்ணெய் மேலே நிற்கணும், தண்ணீர்ப் பசை இருந்தால் அன்று மாலையே வாடை. சூட்டோடு டப்பாவில் மூடினால் மூடியில் வேர்த்து ஊறி எல்லாம் போச்சு. சப்பாத்தி ஒன்றரை நாள் தாங்கும், தக்காளித் தொக்கோடு.

அதற்குப் பிறகு உலர்ந்தவை. ஏத்தங்காய் சிப்ஸ் ஒரு கிலோ எட்டுப் பேருக்கு இரண்டு நாள்கூட வராது, இரண்டு கிலோ வாங்குங்கள். தேங்காய் எண்ணெயில் பொரித்ததைக் காற்றுப் புகாத சின்னப் பொட்டலமாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பெரிய பையைத் திறந்து திறந்து மூடினால் நமுத்துச் சிக்கு வாடை வரும். முந்திரிக்கொத்து, அச்சு முறுக்கு ஒரு வாரம் தாங்கும். அவலும் சர்க்கரையும் அரைக் கிலோ, வண்டி பிந்தி எங்காவது வயலில் நிற்கும்போது உதவும். மட்டிப்பழம் காயாக ஒரு குலையும், பழுத்தது இரண்டு சீப்பும். (மேலே இருக்கிற நண்பரைச் சொல்லவில்லை.)

தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 2 லிட்டர். எல்லாவற்றையும் சுமக்க வேண்டாம், முதல் நாளுக்கு மட்டும் எடுத்துவிட்டு மீதியை ஸ்டேஷனில் வாங்குங்கள். ரயில்நீர் லிட்டர் 14 ரூபாய், 2025 செப்டம்பரில் குறைத்தது. அதற்கு மேல் கேட்டால் பில் கேளுங்கள். வண்டிக்குள் சாதாரணச் சைவச் சாப்பாட்டுக்குப் பட்டியல் விலை 80 ரூபாய். பில் தராவிட்டால் காசு தர வேண்டியதில்லை என்பது ரயில்வேயே அறிவித்தது. பெரிய ஸ்டேஷன்களில் பிஎன்ஆர் கொடுத்து இ-கேட்டரிங்கில் ஆர்டர் பண்ணலாம். ஆனால் வண்டி மூன்று மணி நேரம் பிந்தினால் பிரியாணியும் மூன்று மணி நேரம் பிந்தினதுதான். கரக்பூர் தாண்டினால் கடுகெண்ணெய் வாசம். பிடிக்காதவர்களுக்கு ஊறுகாயும் தயிரும் துணை.

கேப்_கட்ரா:
கூட்டமாகப் போகும்போது நடக்கும் பெரிய கோளாறு, ஒருத்தர் சாயா வாங்க இறங்கி வண்டியை விடுவது. சங்கிலியை இழுக்காதீர்கள். தகுந்த காரணமில்லாமல் இழுத்தால் ரயில்வே சட்டம் 141-ஆம் பிரிவு, ஓராண்டு வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். வண்டியில் இருப்பவர் டிடிஇயிடம் சொல்லி பெர்த்தைக் காலி என்று குறிக்காமல் பார்த்துக்கொள்ளணும். விட்டவர் ஸ்டேஷன் மாஸ்டரைப் பார்த்து, அதே வழியில் அடுத்த வண்டிக்கு டிக்கெட் எடுத்து முன்னால் போய் ஏறணும். இதற்காகத்தான் இறங்குகிறவர் கையில் போன், 500 ரூபாய், அடையாள அட்டை மூன்றும் இருக்கணும் என்பது. பெர்முடாவில் பாட்டிலோடு மட்டும் இறங்கக் கூடாது.

விவேக்கில் போகிறவர்களுக்கு ஒன்று: விசாகப்பட்டினத்தில் எஞ்சின் மறுபக்கம் மாறும். முன்னால் இருந்த பெட்டி பின்னால் போய்விடும். இறங்கித் திரும்பி வருபவர் பழைய இடத்தை நினைத்து எதிர்ப்பக்கம் ஓடுவார். பெட்டி எண்ணைப் பார்த்து நடங்க.

சைடு_லோயர்:
கக்கூஸ் பற்றி யாரும் பேச மாட்டீர்கள் போல. பெட்டிக்கு நாலு, எண்பது பேருக்கு. காலை ஐந்தரைக்கு எழுந்து முடித்துவிடுங்கள், ஆறரைக்கு வரிசை. பயோ டாய்லெட்டில் பாட்டில், நாப்கின், டயப்பர் போட்டால் அடைத்து அந்த ஒன்று பயணம் முடியும் வரை செத்தது. தண்ணீர் தீர்ந்தால் உடனே ரயில்மதத்தில் போடுங்கள், அடுத்து தண்ணீர் பிடிக்கும் ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். அது தாண்டிய பிறகு போட்டால் அரை நாள் தண்ணீர் கிடையாது. ஒரு மக், காகித சோப்பு, பழைய செருப்பு, அவ்வளவுதான்.

மட்டிப்பழம்:
கொல்கத்தாவில் வண்டி மாறுவதற்கு: குருதேவ் ஷாலிமாரில் நிற்கும், டார்ஜிலிங் மெயில் சியால்டாவில் கிளம்பும். ஆற்றின் இரு கரை. ஷாலிமாருக்கு மெட்ரோ இல்லை, ஹவுரா வரை டாக்சி. ஹவுராவிலிருந்து சியால்டாவுக்கு 2025 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ, ஹூக்ளிக்கு அடியில் போகும், கால் மணி நேரத்துக்குள். பெரிய பைகள் எட்டு என்றால் காலை மாலை நெரிசல் நேரத்தில் அதில் ஏறாதீர்கள். அறை எடுப்பவர்கள் சியால்டா பக்கமே எடுத்துவிட்டால் மறுநாள் வேலை மிச்சம்.

மேகாலயாவுக்கு அனுமதி தேவையில்லை. அருணாசலம், நாகாலாந்துக்குள் போவதென்றால் இன்னர் லைன் பெர்மிட் முன்னமே எடுக்கணும். திமாப்பூரிலும் இறங்கி ஊருக்குள் போனால் வேண்டும்.

தோவாளைப்பிச்சி:
ஒரே நீள டிக்கெட் மலிவு, துண்டு துண்டாக எடுத்தால் கூடும் என்கிறார்களே, எவ்வளவு கூடும்? பிரேக் ஜர்னி என்று ஒன்று இருக்காமே?

ஆரல்வாய்க்காற்று:
உண்மை. தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். அதனால்தான் கன்னியாகுமரி–திப்ருகர் ஸ்லீப்பர் ஆயிரத்துச் சில்லறையில் முடிகிறது. அதையே நாலாக உடைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் தொடக்கக் கட்டணம், முன்பதிவுக் கட்டணம், அதிவேகக் கட்டணம் திரும்பத் திரும்ப விழும்.

பிரேக் ஜர்னி விதிப்படி 500 கி.மீ.க்கு மேல் உள்ள டிக்கெட்டில், முதல் 500 கி.மீ. தாண்டிய பிறகு இறங்கித் தங்கலாம். ஆயிரம் கி.மீ. வரை ஒருமுறை, அதற்கு மேல் இரண்டு முறை, ஒவ்வொன்றும் இரண்டு நாள். இறங்கும் நாளும் ஏறும் நாளும் சேராது. ஆனால் அடுத்த துண்டுக்கு பெர்த் தனியாக வேண்டும். கவுண்டரில் டிக்கெட் எடுக்கும்போதே சொல்லி எழுதி வாங்கணும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு இறங்கிவிட்டு இரண்டு நாள் கழித்து ஏறினால் உங்கள் பெர்த்தில் வேறு ஆள் இருப்பார்.

இதைவிட நல்லது சர்குலர் டிக்கெட், கிளம்பின ஊருக்கே வேறு வழியில் திரும்புகிறவர்களுக்கு. அதிகபட்சம் எட்டு இடத்தில் இறங்கலாம். மொத்தத் தூரத்தைப் பாதியாக்கி இரண்டு ஒற்றைப் பயணமாகக் கட்டணம் போடுவார்கள், அதனால் நீள டிக்கெட்டின் மலிவு கிடைக்கும். வழித்தடத்தை ஊர் ஊராக எழுதி திருவனந்தபுரம் கோட்ட வணிக அலுவலகத்தில் கொடுக்கணும், நம்ம மாவட்டம் அந்தக் கோட்டத்தில்தானே இருக்கிறது. அவர்கள் கணக்குப் போட்டுக் கொடுத்த பிறகு ஸ்டேஷனில் டிக்கெட், பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் முன்பதிவு.

உங்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. வேலை எல்லாம் கவுண்டரில். அங்கே வரிசையில் நிற்கும் நேரத்தில் இணையத்தில் பெர்த் தீர்ந்துவிடும். எட்டுப் பேரில் ஒருத்தர் நடுவில் திரும்பினால் பணம் திரும்ப வாங்குவது பெரும்பாடு. தனியாகவோ இரண்டு பேராகவோ ஒரு மாதம் சுற்றுகிறவர்களுக்கு அது பொன். உங்களுக்கு, துண்டுத் துண்டாக எடுப்பதன் கூடுதல் செலவு உறுதியான பெர்த்துக்குக் கொடுக்கும் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோவாளைப்பிச்சி:
திரும்பும்போது பெங்களூருவில் குவாஹாட்டி வண்டி பிந்தினால் நாகர்கோவில் வண்டி போய்விடுமே?

ஆரல்வாய்க்காற்று:
இரண்டு பிஎன்ஆரையும் ஐஆர்சிடிசியில் இணைத்து வையுங்கள். இரண்டு டிக்கெட்டிலும் பயணிகள் பெயர் அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும், எழுத்து மாறினாலும் இணையாது. முதல் 4 பேர் இங்கே, அடுத்த 4 பேர் அங்கே என்று பிரித்ததை இரண்டாவது வண்டிக்கும் அப்படியே வைத்திருக்க வேண்டிய காரணம் இதுதான். முதல் வண்டி பிந்தி இரண்டாவது தவறினால் பிடித்தம் இல்லாமல் பணம் திரும்பும். ஆனால் பெர்த் திரும்பாது. அதனால் இணைப்பை நம்பி மூன்று மணி நேர இடைவெளி வைக்காதீர்கள். 12510 பெங்களூருவுக்கு வரும் நாளில் தங்கி, மறுநாள் 17235-இல் எடுங்கள்.

நீங்கள் ஏறும் ஊரில் வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் பயணத்தையே விட்டுவிட்டால் முழுப் பணமும் கிடைக்கும். வண்டி அங்கிருந்து உண்மையில் கிளம்புவதற்கு முன் டிடிஆர் (பணம் திரும்பக் கேட்கும் மனு) போடணும். சாதாரணமாக ரத்து செய்தால் குறைந்தது ஆளுக்கு ஸ்லீப்பரில் 120, மூன்றடுக்கு ஏசியில் 180 பிடிப்பார்கள், நாள் நெருங்க நெருங்கக் கூடும். யார் வருவது உறுதியில்லையோ அவரைத் தனி பிஎன்ஆரில் போடலாமே என்று தோன்றும். ரத்து செய்ய அது தேவையில்லை, ஒரே பிஎன்ஆரில் ஒருத்தரை மட்டும் நீக்கலாம்.

சைடு_லோயர்:
ஜனவரி 20 என்றால் நவம்பர் 21 காலை 8 மணி. அது நீங்கள் கேட்ட தேதிக்கு. குருதேவ் வாரம் ஒருமுறைதான், முதலில் அது எந்தக் கிழமை என்று பார்த்து அதற்கேற்பத் தேதியை நகர்த்துங்கள். மற்ற நாலும் அதிலிருந்து எண்ணிக்கொண்டு போகும். ஒவ்வொன்றும் வேறு நாளில் திறக்கும், ஐந்து அலாரம்.

தோவாளைப்பிச்சி:
வைத்தாச்சு. ஆதார் சரிபார்ப்பு இரண்டு பேருக்கு முடிந்தது, மூன்றாவது ஆளுக்கு பெயரில் இனிஷியல் முன்னால் பின்னால் மாறி நிற்கிறது.

சைடு_லோயர்:
ஆதாரில் எப்படி இருக்கோ அப்படியே ஐஆர்சிடிசி கணக்கில் மாற்றுங்கள். ஆதாரைத் திருத்தப் போனால் நவம்பர் போய்விடும்.